மொழியியல் பட்டத்தோடு பேச்சு சிகிச்சைத் துறைக்கு வர முடியுமா?

மொழியியல் முடித்திருக்கிறீர்கள், பள்ளியில் அறிவியல் எடுக்காததால் பேச்சு சிகிச்சைக்குப் போக முடியாதோ என்று கவலைப்படுகிறீர்கள். அமெரிக்கா போன்ற நாடுகளில் படிக்கப் போகிறீர்கள் என்றால் கவலையே வேண்டாம். இந்தியாவில் முதுநிலைக்குப் பேச்சு, செவித்திறன் துறையிலேயே இளநிலைப் பட்டம் கேட்பார்கள்; அந்த இளநிலைக்குப் பள்ளியில் அறிவியல் எடுத்திருக்க வேண்டும். ஒலியியல் தெரிந்திருப்பது பெரிய பலம். ‘காக்கா’வைத் ‘தாத்தா’ என்று சொல்லும் குழந்தைக்கு, அடிநாக்கு எழும்ப வேண்டிய இடத்தில் நுனிநாக்கு முந்திக்கொள்கிறது என்பது கேட்டதுமே உங்களுக்குப் பிடிபடும். உடற்கூறியல், நரம்பியல், செவித்திறன் பற்றிய அடிப்படைகள்தான் புதிது. முதுநிலைச் சேர்க்கைக்கு முன் இவற்றைத் தனியாக முடிக்கச் சொல்லும் பல்கலைக்கழகங்கள் அமெரிக்கா போன்ற நாடுகளில் உண்டு. அப்புறம் மேற்பார்வையில் சிகிச்சைப் பயிற்சி, உரிமம்.

விண்ணப்பிக்கும் முன் அனுமதி வாங்கி ஒரு மருத்துவமனையில் உட்கார்ந்து பாருங்கள். பக்கவாதம் வந்தவர் ஒரு வாய் தண்ணீரைப் புரையேறாமல் விழுங்கப் பழக்குவதும் இதே வேலைதான். குழந்தைகளை மட்டும் மனதில் வைத்து வருபவர்கள் அங்கேதான் திகைத்துப்போகிறார்கள். அதுவும் பிடித்திருந்தால் தயங்காமல் விண்ணப்பம் போடுங்கள்.