மதர்போர்டு போய்விட்டது என்றால் உடனே நம்பாதீர்கள்

கேள்வி: என் டெஸ்க்டாப் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. ஒரு மாதமாக, வேலை செய்துகொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. பட்டனை அழுத்தினால் உயிர் வருவதில்லை. பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் வருகிறது. மதர்போர்டு போய்விட்டது, 11,000 ரூபாய் ஆகும், சிபியுவைக் கொடுத்தனுப்புங்கள் என்கிறார் சர்வீஸ்காரர். கொடுக்கலாமா? (வியாசர்பாடியில் வீட்டிலேயே டிடிபி வேலை செய்யும் வாசகி)

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கினால்தான் திரும்ப வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவது எஸ்எம்பிஎஸ் என்ற பெட்டி. ஏதோ கோளாறு என்று பட்டால் அது தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். கரன்ட் முழுக்க நின்று, உள்ளே தேங்கியது வடிந்த பிறகுதான் பூட்டு விடும். போர்டில் ஷார்ட் இருந்தாலும் இப்படி நடக்கலாம். ஆனால் ஆறு வருடச் சென்னை வெக்கையில் முதலில் தளர்வது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டர்கள். மாற்ற எளிதானதும், விலை குறைந்ததும் எஸ்எம்பிஎஸ்தான். அதை விட்டுவிட்டு நேராகப் போர்டுக்குப் போவது எந்த வைத்தியத்திலும் சேர்த்தி இல்லை.

எஸ்எம்பிஎஸ்ஸில் கைவைக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். யுபிஎஸ் வைத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இருந்தால், சிஸ்டம் அணையும் அந்த நொடியில் மானிட்டரைக் கவனியுங்கள். மானிட்டரின் சின்ன விளக்கும் சேர்ந்து போனால் குற்றவாளி யுபிஎஸ். விளக்கு எரிந்து, சிக்னல் இல்லை என்று காட்டினால் யுபிஎஸ் மேல் பழி இல்லை. மானிட்டரை நேராகச் சுவரில் செருகியிருந்தால் இந்தச் சோதனை செல்லாது; இரண்டையும் யுபிஎஸ்ஸிலேயே போட்டுப் பாருங்கள். அப்புறம் சிபியுவை மட்டும் நேராகச் சுவரில் செருகி இரண்டு நாள் ஓட்டுங்கள், இடி மின்னல் இல்லாத நாளாகப் பார்த்து. அணையவே இல்லையென்றால் யுபிஎஸ் பேட்டரியை மாற்றினால் போதும். வீட்டு யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. இரண்டு மூன்று வருடம்தான் உழைக்கும். தெருவில் கரன்ட் ஒரு கணம் சிமிட்டும்போது மட்டும் சிஸ்டம் அணைந்தாலும் இதே காரணம்தான்.

சூடும் ஒரு காரணம். பக்கவாட்டு மூடியைத் திறந்து பிராசஸர் மேல் உள்ள ஃபேன் சுற்றுகிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் சூட்டால் அணைந்தது ஆறியதும் பட்டனை அழுத்தினாலே வரும், பிளக்கைப் பிடுங்க வேண்டியதில்லை. அதனால் உங்கள் விஷயத்தில் இதை இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

எஸ்எம்பிஎஸ்தான் என்று தோன்றினால் கடைக்காரர் செய்யும் ஒரு சோதனையை நம்பாதீர்கள். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைப்பார். ஃபேன் சுற்றும். நல்லாத்தான் இருக்கு என்பார். சுமையே இல்லாமல் ஃபேன் சுற்றுவதை வைத்து அது ஆரோக்கியமாக இருக்கிறது என்று சொல்லவே முடியாது. நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை உங்கள் சிஸ்டத்தில் மாட்டி ஒரு நாள் முழுக்க ஓட்டுவதுதான் சோதனை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும்.

விண்டோஸில் 'கெர்னல் பவர் 41' என்று ஒரு பதிவைக் காட்டி, ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்றும் சொல்வார்கள். முறையாக மூடாமல் அணைந்தது என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதுவும் சொல்லாது. போர்டில் இருக்கும் பட்டன் செல்லை மாற்றச் சொல்வார்கள். அந்த 3 வோல்ட் செல் தீர்ந்தால் கடிகாரம் தப்பும், செட்டிங் மறக்கும். ஓடும் சிஸ்டம் அணையாது.

கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனால் வழியில் நிறுத்தி அழைத்துப் போகிறவர்கள் பின்னால் போகாதீர்கள், அவர்கள் கமிஷனும் உங்கள் விலையில்தான் சேரும். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும். தூக்கினால் காற்று மாதிரி இருக்கும். வேண்டாம். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை உள்ள, பெயர் தெரிந்த கம்பெனியின் 450 வாட் பெட்டி சுமார் 3,000 ரூபாய்க்குக் கிடைக்கும். பில் போட்டால் ஜிஎஸ்டி 18 சதவீதம் கூடும் என்று தயங்க வைப்பார்கள். போடச் சொல்லுங்கள். பில் இல்லாத வாரன்டி வெறும் வாய்ச்சொல். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்: பில் கேட்பது வாங்குகிறவரின் உரிமை, அதை ஒவ்வொரு கடையிலும் சண்டை போட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அணைந்தால் போர்டைப் பார்க்கலாம். அப்போதும் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு, ரேம், பிராசஸர், போர்டு எல்லாவற்றையும் சீரியல் நம்பர் தெரிய போட்டோ எடுத்த பிறகே கொடுங்கள். மாற்றிய பழைய போர்டைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தர மாட்டேன் என்றால் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.