உணவக மேசையில் க்யூஆர் கோடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஏற்காடு ஏரிக்கு அருகில் ஒன்பது மேசைகள் கொண்ட சிறிய சைவ உணவகம் நடத்திவருகிறேன். சனி, ஞாயிறுகளிலும் கோடை விழா நாட்களிலும் நிற்கக்கூட இடம் இருக்காது; மற்ற நாட்களில் பாதி மேசைகள் காலி. மெனு கார்டுகளை எடுத்துவிட்டு மேசைதோறும் க்யூஆர் கோடு ஒட்டினால் ஒரு சர்வரின் சம்பளம் மிச்சமாகும், வியாபாரமும் பெருகும் என்கிறான் என் மகன். அவன் பேச்சைக் கேட்கலாமா?
— ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: பாதியைக் கேளுங்கள். கோடு வையுங்கள்; சர்வரை நிறுத்தாதீர்கள்.

கூட்டம் நெரியும் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் உங்கள் சர்வரின் நேரம் எதில் கரைகிறது என்று ஒரு மணி நேரம் நின்று கவனித்துப் பாருங்கள். கார்டைக் கொடுத்து, காத்திருந்து, ஆர்டர் எடுத்துச் சமையலறை வரை போய், "அது தீர்ந்துபோச்சுங்க" என்று சொல்வதற்காகவே அவர் திரும்பி வருவார். கீழே சேலத்தில் இருப்பவர் மாவு தீர்ந்தால் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்வார். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே இருக்கும் உங்களுக்கு அது நடக்கிற காரியம் அல்ல. ஆகவே, தீர்ந்த பண்டத்தை அந்த நிமிடமே பட்டியலிலிருந்து மறைக்க முடிவதும், பால் விலையோ எண்ணெய் விலையோ ஏறும்போது கார்டில் பழைய விலைமேல் காகிதம் ஒட்டாமல் திருத்த முடிவதும்தான் உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான ஆதாயம். இதைச் செய்வதற்குக் கல்லாவில் இருப்பவரையே பொறுப்பாக்குங்கள். யாரும் திருத்தாத பட்டியலைப் போனில் காட்டுவதைவிடப் பழைய கார்டே மேல்.

அடுத்தது, கோட்டுக்குப் பின்னால் இருக்கும் பக்கம். பல உணவகங்கள் படங்கள் நிறைந்த மெனு கார்டை அப்படியே பிடிஎஃப் ஆக்கி இணைத்துவிடுகின்றன. அந்தக் கோப்பு பத்து எம்பி இருந்தால், வார இறுதியில் மலை முழுவதும் சுற்றுலாப் பயணிகள் ஒரே நேரத்தில் போனைத் திறந்திருக்கும்போது, அது இறங்குவதற்குள் பசித்தவர் எழுந்து போய்விடுவார். படம் இல்லாத, எழுத்து மட்டுமே உள்ள எளிய பக்கமாக, தமிழ் முதலிலும் ஆங்கிலம் அடுத்தும் வரும்படி அமைத்துத்தரச் சொல்லுங்கள். உணவகத்தில் வைஃபை இருந்தால், கடவுச்சொல் தட்டாமலே அதில் இணைய உதவும் தனிக் கோடு ஒன்றையும் அச்சிடலாம். இன்றைய போன்களின் கேமராவே அதைப் படித்துக்கொள்ளும்.

இலவசமாகக் கோடு செய்து தரும் தளங்களில் ஒரு கண் வையுங்கள். நிலையான கோட்டில் உங்கள் பக்கத்தின் முகவரியே பொதிந்திருக்கும். மாறக்கூடிய கோடு வேறொரு நிறுவனத்தின் முகவரிக்குப் போய், அங்கிருந்து உங்கள் பக்கத்துக்கு வரும். அந்த நிறுவனத்துக்குச் சந்தா கட்டத் தவறினால் ஒன்பது மேசைக் கோடுகளும் ஒரே நாளில் செத்துப்போகலாம். சொந்தமாக ஒரு சிறிய இணைய முகவரி வாங்கி, அதற்கு நிலையான கோடு அச்சிடுங்கள். உள்ளே எதை வேண்டுமானாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். முகவரி எவ்வளவு குறுகியதோ, அவ்வளவு பெரியவையாகக் கோட்டின் கட்டங்கள் அமையும், படிப்பதும் எளிதாகும்.

1994இல் ஜப்பானின் டென்சோ குழுமத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு க்யூஆர் கோட்டை உருவாக்கியது கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக. எண்ணெயும் அழுக்கும் படியும் தொழிற்சாலையிலும் படிக்க முடிய வேண்டும் என்பதால், பிழை திருத்தும் திறன் அதற்குள்ளேயே வைக்கப்பட்டது. அந்தத் திறனில் நான்கு நிலைகள் உண்டு; உச்ச நிலையில் ஏறத்தாழ 30 சதவீதம் சேதமானாலும் கோடு படிக்கப்படும். சாம்பார் சிந்தும் மேசைக்கு அந்த நிலையையே கேட்டு வாங்குங்கள். நடுவில் பெரிய லோகோ வைத்தால் அந்தச் சலுகையை நீங்களே தின்றுவிடுவீர்கள். வெள்ளைப் பரப்பில் கறுப்பு, மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாத அளவு, சுற்றிலும் வெற்றிடம், விளக்கொளி பட்டுப் பளபளக்காத மேல்தாள்: இவை போதும்.

மெனுவைக் காட்டும் முன் வாடிக்கையாளரின் போன் எண்ணைக் கேட்காதீர்கள். சாப்பிட வந்தவரிடம் அது முறையும் அல்ல. பெரிய எழுத்தில் நான்கு கார்டுகளை எப்போதும் கையருகே வைத்திருங்கள். பேரனின் போனை எதிர்பார்த்து ஒரு தாத்தா உட்கார்ந்திருக்கும் நிலை உங்கள் உணவகத்தில் வரவே கூடாது.

காலி மேசைகளைப் பொறுத்தவரை, மேசையில் ஒட்டிய கோடு உள்ளே வந்தவருக்குத்தான் பயன்படும். வார நாட்களில் விடுதிகளில் தங்குபவர்கள் உண்டல்லவா? உரிமையாளர்களின் அனுமதியுடன் அங்கே ஒரு சிறு அட்டை வைத்து, இரவு உணவை மாலையிலேயே சொல்லிவைக்க வழிசெய்யுங்கள்.

கேள்வி: சேலம் நாலு ரோடு அருகே தட்டுவடை செட், நொறுக்கல் விற்கும் தள்ளுவண்டி வைத்திருக்கிறேன். பணம் வாங்கும் கோட்டின்மேல் வேறு யாரோ தங்கள் கோட்டை ஒட்டிவிட்டதால் ஒரு மாலை வசூல் போய்விட்டது. என்ன செய்வது?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: உங்கள் ஒரு மாலை உழைப்பு போனது வருத்தம் தருகிறது. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்கும் வாய்ப்பு குறையும். இனி தினமும் கடை விரித்ததும் உங்கள் கோட்டை வேறொரு போனில் ஸ்கேன் செய்து, திரையில் வருவது உங்கள் பெயர்தானா என்று பாருங்கள். கோட்டை வெளிப்பக்கம் ஒட்டாமல் கண்ணாடிப் பெட்டியின் உள்பக்கமாக வையுங்கள். தொகையைச் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி ஒலித்த பிறகே தட்டை நீட்டுங்கள். வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது. உங்களுக்குப் பணம் அனுப்புவதாகச் சொல்லி யாராவது ஒரு கோட்டை ஸ்கேன் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். யூபிஐயில் பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்வதும் தேவையில்லை, ரகசிய எண்ணும் தேவையில்லை.