புத்தகம் அச்சில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகள்

ஆச்சிமார்களிடம் கேட்டுச் சேர்த்த பலகாரக் குறிப்புகள் இன்னும் மூன்று மாதத்தில் நூலாக வருகின்றன. எப்படி அறிமுகப்படுத்துவது? – வாசகி, காரைக்குடி

இன்றே தொடங்குங்கள் அம்மா. அட்டையும் விலையும் முடிவானதும் முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்துவிடுங்கள். முன்கூட்டியே பணம் கட்டுகிறவர்களுக்கு 20 சதவீதம் தள்ளுபடி கொடுக்கலாம். கடைக்காரர்கள் பொதுவாக 30 சதவீதத்துக்கு மேல் கழிவு கேட்பார்கள், அதனால் இதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை. எத்தனை பிரதி அச்சடிக்கலாம் என்ற கணக்கும் கிடைத்துவிடும். ஆனால் அனுப்புவதாகச் சொன்ன தேதி தவறவே கூடாது.

உங்கள் வாசகர்களில் பாதிப்பேர் சென்னையிலும் கோவையிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் இருப்பார்கள். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ‘விரைவில் வெளிவருகிறது’ என்று படம் போட்டால் யாரும் நின்று பார்ப்பதில்லை. வாரம் ஒரு பலகாரம் போடுங்கள். இந்த வாரம் கந்தரப்பம் என்றால், அளவு, பக்குவம், சொல்லித் தந்தவர் எந்த ஊர் என்பது வரை முழுசாக. செய்து பார்த்தவர்கள் படம் அனுப்புவார்கள். அவர்களிடம் அனுமதி கேட்டு அதையும் பகிருங்கள். அப்படிச் செய்து பார்த்தவர்தான் முதலில் முன்பதிவு செய்வார்.

அப்புறம், சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். மணிவிழாவுக்கு வந்தவர்களுக்குச் சிறு நூல் அச்சிட்டுக் கொடுப்பது நம் பக்கத்துப் பழக்கம். விழா வைத்திருக்கும் குடும்பங்களிடம் இப்போதே பேசுங்கள். 100 பிரதி எடுப்பவர்களுக்கு, தம்பதியர் பெயரோடு முதலில் ஒரு தாள் சேர்த்துக் கட்டித் தரலாம். அச்சுக்குப் போன பிறகு இதைச் செய்வது சிரமம். முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு வீட்டில் மட்டும் விற்பனைப் பேச்சு வேண்டாம். பங்காளிகள் கும்பிட வந்த இடம் அது.

மண்டபம் பிடித்து வெளியீட்டு விழா நடத்தலாமா? – ஓய்வு பெற்ற ஆசிரியர், தேவகோட்டை

வேண்டாம் ஐயா. மண்டப வாடகை, ஃபிளெக்ஸ், பொன்னாடை, சாப்பாடு என்று பணம் போய்விடும். மேடையில் எட்டுப் பேர் பேசி முடிக்கும்போது நூலைப் பற்றி ஒருவரும் பேசியிருக்க மாட்டார். கிளை நூலகத்து வாசகர் வட்டத்தில் ஒரு மாலைப்பொழுது கேட்டு வாங்குங்கள். முப்பது பேர் போதும். நீங்கள் பத்து நிமிடம் வாசியுங்கள். பேச வருபவருக்கு ஒரு மாதம் முன்னதாகவே மெய்ப்புப் படியைக் கொடுத்துவிடுங்கள், படித்துவிட்டு வரட்டும். வாசலில் விற்பனைக்கு ஒருவர், சில்லறை, கியூஆர் அட்டை இருக்கட்டும்.

தேதி வைக்கும்போது பங்குனியில் காரைக்குடிக் கம்பன் விழா நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் தொடங்கிய விழா அது. உங்கள் கூட்டத்துக்கு வரக்கூடியவர்கள் அந்த நாட்களில் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் போய் உட்காருங்கள். நோட்டீஸ் கொடுக்க வேண்டாம். இடைவேளையில் நாலு பேரிடம் பேசினாலே நல்ல அறிமுகம்.

என் சிறுகதைகளை ஃபேஸ்புக்கில் போட்டால் பிறகு புத்தகத்தை யார் வாங்குவார்கள்? – வாசகர், பள்ளத்தூர்

தொகுப்பிலேயே நல்ல கதை ஒன்றை முழுமையாகப் போடுங்கள். பாதிக் கதையைப் போட்டு ‘மீதி புத்தகத்தில்’ என்பது படிப்பவருக்கு எரிச்சல்தான் தரும். முழுக்கதை பிடித்தவர் மற்ற கதைகளையும் தேடி வருவார். பத்திரிகைக்கு அனுப்ப நினைக்கும் கதைகளை மட்டும் ஒதுக்கி வையுங்கள். வேறெங்கும் வெளிவராத கதைதான் வேண்டும் என்று பல இதழ்கள் கேட்கின்றன.

மதிப்புரைக்கு எத்தனை பிரதி? – வாசகி, கோட்டையூர்

ஓர் இதழுக்கு இரண்டு என்பது வழக்கம். இந்த மாதிரி நூல்களுக்கு ஏற்கெனவே இடம் கொடுக்கும் இதழ்களுக்கு மட்டும் அனுப்புங்கள்.

நானே பதிப்பிக்கிறேன். ஐஎஸ்பிஎன் எண் அவசியமா? – வாசகர், கானாடுகாத்தான்

வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் தனி அடையாள எண் அது. இணையக் கடைகளும் நூலகங்களும் புத்தகத்தை அந்த 13 இலக்கத்தை வைத்துத்தான் தேடுகின்றன. நம் நாட்டில் அதற்கான தேசிய முகமை கட்டணம் வாங்குவதில்லை. பின்னட்டையில் அச்சாக வேண்டிய எண் என்பதால் அட்டை வடிவமைப்புக்கு முன்பே விண்ணப்பியுங்கள். வெளியான 30 நாளுக்குள் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் பிரதி அனுப்புவது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் கடமை. மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொன்று உண்டு. இந்தப் பிரதிகளை விற்பனைக் கணக்கில் சேர்க்காமல் முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.