துன்பம் மனிதரை வளர்க்குமா? துக்கத்தில் இருக்கும் நண்பரிடம் என்ன சொல்வது?

நண்பரின் அப்பா திடீரென்று தவறிவிட்டார், "இந்தக் கஷ்டம் உன்னைப் பக்குவப்படுத்தும்" என்று ஆறுதல் சொன்னேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். துன்பம் மனிதரை வளர்க்கும் என்பது பொய்யா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் பார்த்தவரை, துன்பம் மட்டும் வந்து யாரையும் வளர்த்ததில்லை. முதலில் அது ஆளைச் சுருக்கிப் போடும். பேச்சு குறையும், சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல் வரும், பக்கத்து வீட்டுக் கல்யாண மேளம்கூடக் காதில் குத்தும். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் வந்து ஏதோ ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டால் மனசு மெதுவாக மறுபடி திறக்கும். அப்படி ஒருவர் கிடைக்காதவர்கள் கசந்துபோய் நின்றுவிடுகிறார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

எங்கள் வீடு குன்னூருக்குக் கீழே ஒரு சரிவில் இருந்தது. ஆடி மாதத்துத் தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டித் தீர்க்கும். எங்கள் பக்கமும் கோத்தகிரிப் பக்கமும் பயப்படுவது ஐப்பசி மழைக்குத்தான். 2009 நவம்பரில் அந்த மழை வந்தது. குன்னூர், கேத்தி, ஊட்டிச் சுற்றுவட்டாரத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். சாலைகள் அறுந்தன, மலை ரயில் நின்றுபோனது. இறந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அந்த இரவைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் அதற்குப் பிறகு நடந்தவற்றில்தான் இருக்கிறது.

ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். அரிசி வந்தது, கம்பளி வந்தது, சேலை மூட்டை மூட்டையாக வந்தது. கொண்டுவந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். "தாங்குற சக்தி இருக்கறவங்களுக்குத்தான் ஆண்டவன் சோதனை கொடுப்பான்" என்று பலர் சொன்னார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, யாரையும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அப்பாயி ஏற்கெனவே ஒருமுறை எல்லாவற்றையும் விட்டு வந்தவர். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்று சொல்லும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, அங்கிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவானது. அந்தக் கணக்கில் வந்தவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968இல் இங்கே தேயிலைத் தோட்டம் போடத் தொடங்கியது. இன்று டான்டீ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அங்கே பறித்த கொழுந்தை இங்கேயும் பறித்து, ஒரு வீடு கட்டி, அந்த வீடும் போய்விட்டது.

ஒரு காலையில் எங்களுக்கு மேலே இருக்கும் ஹட்டியிலிருந்து (இந்த மலையின் படக மக்களுடைய ஊரை அப்படித்தான் சொல்வோம்) ஒரு படகப் பாட்டி வந்தார். அந்தப் பாட்டி வீட்டுத் தோட்டத்துக்கு அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போவார், அந்தப் பழக்கம். வெள்ளை முண்டும் துண்டும் சேறாகும் என்றுகூடப் பார்க்காமல் அந்தச் சரிவில் நடந்தே வந்திருக்கிறார். என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாயியின் தலையைப் பார்த்தார். முடி முழுக்கச் செம்மண் காய்ந்து இறுகிக் கிடந்தது. எத்தனையோ பேர் வந்து போனார்கள், எங்கள் யாருக்குமே அது கண்ணில் படவில்லை.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கல் கூட்டி, கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையைப் போட்டு வெந்நீர் வைத்தார். அப்பாயியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். மேலே தண்ணீரை ஊற்றி விடவில்லை. முதலில் நுனியிலிருந்து ஒவ்வொரு கட்டியாக விரலால் நசுக்கி உதிர்த்தார். பிறகு கொஞ்சம் வெந்நீர், மறுபடி விரல். அகலப் பல் சீப்பைத் தன் இடுப்பில் செருகிக் கொண்டுவந்திருந்தார். நான் சொம்பில் மோந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன். வழிந்த தண்ணீர் வெகுநேரம் செக்கச்செவேல் என்றே போனது. கடைசியில் முடியைத் துவட்டிக் கொண்டை போட்டுவிடும்போது அப்பாயி வாய் திறந்தார்.

"மாட்டுக்கு யாரு புல்லு போட்டா?"

"நான் போட்டேன். எங்க கொட்டகையிலதான் கட்டியிருக்கு" என்றார் பாட்டி.

அன்றைக்குத்தான் அப்பாயி ஓவென்று அழுதார். அன்றைக்குத்தான் கொஞ்சம் சாப்பிடவும் செய்தார்.

இன்னொருவர் எங்கள் பகுதித் தபால்காரர். வீட்டோடு தாள்கள் எல்லாம் போயிருந்தன. என் மதிப்பெண் பட்டியல், ரேஷன் அட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை. தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சாதிச் சான்றிதழ் வரைக்கும் எதைக் கேட்டாலும் அதைத்தான் காட்டச் சொல்வார்கள். அவர் விடுப்புப் போட்டுவிட்டு எங்களோடு அலுவலகம் அலுவலகமாக வந்தார். மனு எழுதிக் கொடுத்தார். எந்த மேசையில் என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லி அம்மாவின் பயத்தைக் குறைத்தார். வரிசையில், "நீங்க உட்காருங்கம்மா, கூப்பிடற வரைக்கும் நான் நிக்கிறேன்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் அம்மாவுக்கு உயிர் வந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

இதனால் உடனே நான் தெளிந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ரொம்ப நாளைக்கு ராத்திரி மழைச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். சரிவில் இல்லாத வீட்டுக்காரர்கள் மேலெல்லாம் காரணமில்லாமல் கோபம் வரும். ஆனால் அந்தப் பாட்டியின் விரல்கள் மண்ணை உதிர்த்த விதம் மனசில் பதிந்துவிட்டது. நர்சிங் படிக்கப் போனது அதனால்தான் என்று இன்றும் நம்புகிறேன். வார்டில் ஒரு நோயாளியின் சொந்தக்காரர்கள் கதறும்போது எனக்குச் சொல்ல ஒன்றும் தோன்றாது. அவர்கள் கையில் என்ன இருக்கிறது, காலில் செருப்பு இருக்கிறதா, சாப்பிட்டார்களா என்றுதான் கண் போகும்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஜனங்களை முகாம்களில் தங்க வைத்தார்கள். நாங்கள் சிலர் போனபோது எடுத்துப்போனது சீப்பு, தேங்காய் எண்ணெய், உள்பாவாடை, நாப்கின், செல்போன் சார்ஜர். சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களின் பெயரையும் மருந்தையும் எழுதிக்கொண்டோம். அரிசியும் சேலையும் எப்படியும் வந்துவிடும். மாத்திரையை மண்ணில் விட்டுவிட்டு வந்த கிழவர் அதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார். முகாமில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் இது தெரியும்.

2024 ஜூலை 30 அதிகாலையில் கேரளத்து வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் போனபோது, பந்தலூர், கூடலூர் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் உதவிக்கு ஓடினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் தேயிலைத் தோட்டம்தான், அதே லயம்தான். மேப்பாடியில் ஒரு முகாமில் ஒரு பெண் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நெடுநேரம் கழித்து, "சேச்சிக்கு ஊர் எவிடெயா?" என்றார். குன்னூர் என்றேன். அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை. கிளம்பும்போது என் கையை விடவே இல்லை. என் பழைய காயத்தால் இன்னொருவருக்கு ஏதாவது பலன் உண்டு என்றால் அது அவ்வளவுதான்: அந்த மௌனத்தைப் பார்த்து நான் பயப்படவில்லை.

சரி, உங்கள் நண்பருக்கு வருகிறேன். நீங்கள் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை என்று அவருக்கே தெரியும். ஆனால் பக்குவம் என்பது அவர் என்றைக்காவது தானாகச் சொல்லிக்கொள்ள வேண்டியது. அப்பா போன வாரத்தில் அதை இன்னொருவர் சொன்னால், அப்பா செத்ததிலும் ஒரு லாபம் இருக்கிறது என்பதுபோலத்தான் காதில் விழும். இனி சொல்ல எதையும் தேடாதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் போன பிறகுதான் வீடு வெறிச்சென்று இருக்கும். அப்போது போங்கள். "என்ன வேணும்னாலும் கேளு" என்று சொல்லிவிட்டு வராதீர்கள், துக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கத் தெம்பு இருக்காது. போய்ப் பாருங்கள், வீட்டில் கேஸ் தீர்ந்திருக்கலாம், அம்மாவுக்குச் செக்கப் தேதி தள்ளிப்போயிருக்கலாம். அவரே அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் செல்போனை உள்ளே வைத்துவிட்டுக் கேளுங்கள், சொன்னதையே திரும்பச் சொன்னாலும் கேளுங்கள்.

அப்புறம், இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், பதிந்தாகிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகம் போகிற அன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நீங்களும் கூடப் போங்கள். இறப்புச் சான்றிதழ் நகலைக் கூடுதலாகவே எடுத்து வையுங்கள், வங்கி, இன்சூரன்ஸ், கரண்ட் ஆபீஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கேட்பார்கள்.