லுங்கி கட்டினால் சாமி குத்தமா?

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் இந்த வருடம் பாதி இளைஞர்கள் லோன்ஜி (பர்மிய லுங்கி) கட்டிக்கொண்டு தேர் இழுத்தார்கள். வேட்டி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மாறாமல் வரும் தமிழர் உடை, லோன்ஜி பர்மியர் உடை. கோயிலுக்குள் லோன்ஜி கூடாது என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் போடப் போகிறோம். ஆதரித்து எழுதுவீர்களா? இன்னொன்று: இப்படித் துணியைச் சுற்றிக்கொண்ட இனங்கள் எல்லாம் வெட்டித் தைக்கத் தெரியாதவை, கத்தரிக்கோலைக் கண்டவர்கள் பேன்டுக்குப் போய்விட்டார்கள் என்கிறான் என் மகன். உண்மையா?
— பர்மாவின் பெகுவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஆதரித்து எழுத மாட்டேன், ஐயா. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அப்புறம் தீர்மானம் உங்கள் குழுவின் பாடு.

முதலில் அந்த லோன்ஜி யாருடையது என்று பார்த்துவிடலாம். மண்டலேயில் ராஜா இருந்த காலத்தில் பர்மிய ஆண்கள் கட்டியது இந்தக் குழாய் லோன்ஜி அல்ல. 20 முழ நீளத்தில் மூட்டாத துணி. அதை இடுப்பில் சுற்றி, மிச்சத்தை முன்பக்கம் கொசுவிவிடுவார்கள், இல்லையென்றால் தோளில் தூக்கிப் போட்டுக்கொள்வார்கள். பெண்கள் இடுப்பில் சுற்றும் தமெய்னும் அன்று முன்பக்கம் திறந்தபடிதான் இருந்தது. நடந்தால் கெண்டைக்கால் தெரியும். இரண்டு மீட்டர் துணியை ஒரே தையலில் மூட்டிக் கட்டுகிற வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியில் பரவியது. ரங்கூன் துறைமுகம் பெருத்து, இந்தியக் கரையிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கிய காலம் அது. மலாய் ஆண்கள் அதற்கு முன்பிருந்தே சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆக, நீங்கள் கோயில் வாசலில் நிறுத்தப் பார்க்கிற துணி, நம் தாத்தாக்கள் வந்த அதே கடல் வழியாக இங்கே வந்தது.

கட்டம் போட்ட லுங்கிக்குத் தமிழ்நாட்டுக் கடைகளில் இன்றும் பாளையகாட் என்றுதான் பெயர். அது நம் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1610 வாக்கில் அங்கே வந்து உட்கார்ந்தது சும்மா இல்லை. ஜாவாவுக்கும் அதற்கு அப்பாலுள்ள தீவுகளுக்கும் போய் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வெள்ளியைவிட நம் கரைத் துணிதான் நன்றாகச் செல்லுபடியானது. அந்தத் தீவுகளில் எந்த ஊருக்கு எந்த நிறம், எந்தக் கரை பிடிக்கும் என்பது நெசவாளி வரைக்கும் தெரிந்திருந்தது. அதே கரையின் கட்டம் போட்ட துணி இன்னொரு பக்கம் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போனது. நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் கலாபரி என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் இந்த மதராஸ் கட்டத் துணியை மடியில் விரித்துக்கொண்டு, கத்தி முனையால் ஒரு நூலைத் தூக்கி, அறுத்து, உருவி எடுப்பார்கள். வெளிர் நூல்களாகப் பார்த்து எடுத்துவிட்டால் அந்த இடம் சல்லடைக் கண்ணாகி, மிச்சமிருக்கும் அடர்த்தியான நூல்களில் புதிதாக ஒரு கோலம் வந்துவிடும். ஒரு துணி முடிய நாள்கணக்கில் ஆகும். அதைக் கட்டிக்கொண்டுதான் சாவுச் சடங்கிலும் திருவிழாவிலும் நிற்பார்கள். நெய்தது நம் ஊர்க்காரர். உடை அவர்களுடையது. இதில் யாரும் யாரையும் வாசலில் நிறுத்தவில்லை.

இங்கேயும் கதை அப்படித்தான் போனது. 1920களில் அந்நியத் துணி வேண்டாம் என்று பர்மிய தேசியவாதிகள் கிளம்பியபோது, பின்னி என்கிற பழுப்பு நிறக் கைத்தறிச் சட்டையும் யோ பகுதியில் நெய்த லோன்ஜியும் சீருடை மாதிரி ஆகிவிட்டன. 1921இல் மதுரையில் காந்தி முழங்கால் துணிக்கு மாறியதும் ஏறக்குறைய அதே நேரம். ராஜா காலத்து 20 முழத்துக்கு யாரும் திரும்பிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்றிரண்டு தலைமுறைப் பழக்கமே நாட்டின் அடையாளம் ஆகப் போதுமானதாக இருந்தது. ஸ்காட்லாந்துக்காரரின் பாவாடைக் கதையும் இதேதான். இன்று பார்க்கும் சின்னக் கில்ட் 18ஆம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன்பு அவர்களும் உடம்பு முழுக்க ஒரு நீளப் போர்வையைச் சுற்றி இடுப்பில் வார் கட்டியவர்கள். 1746இல் பிரிட்டிஷ் அரசு மலைநாட்டு உடையையே தடை செய்தது, 1782இல் தடையை எடுத்தது. தடை போனபிறகு அதற்கு வந்த மவுசு உங்கள் குழுவுக்கு ஒரு தகவலாக இருக்கட்டும்.

இனி உங்கள் ‘மாறாமல் வரும் வேட்டி’. இடுப்பில் துணி சுற்றுவது பழையது, அதில் சண்டையில்லை. ஆனால் கணுக்கால் வரை வெள்ளை வேட்டி என்பது தமிழர் எல்லாருக்கும் எப்போதும் இருந்ததா? 1930இல்கூட ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஒடுக்கப்பட்டோர்மீது ஒரு தடைப் பட்டியல் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி இறக்கக் கூடாது, இடுப்புக்கு மேலே எதுவும் போடக் கூடாது, பொன் வெள்ளி நகை கூடாது என்று போகும் அது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. ரங்கூன் கப்பலில் ஏறியவர்களில் அந்தப் பக்கத்து ஆட்கள் ஏராளம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களில் எத்தனை பேருக்கு ஊரில் முழு வேட்டி கட்ட உரிமை இருந்திருக்கும்? அவர்கள் பேரன்கள் கணுக்கால் வரை லோன்ஜியை இறக்கிக் கட்டிக்கொண்டு அம்மன் தேரை இழுக்கிறார்கள். இதில் மரபு எங்கே கெட்டது என்று எனக்குப் புரியவில்லை. (பர்மிய ராஜாவும் லேசுப்பட்டவர் இல்லை. யார் எந்தப் பட்டு கட்டலாம் என்று அரண்மனையில் சட்டமே இருந்தது. அலை அலையாக நெளிவு போட்ட அச்செய்க் பட்டு அன்று எல்லாருக்கும் கிடைக்காது. இன்று கல்யாணத்துக்கு எல்லாரும் கட்டுகிறார்கள்.)

உங்கள் குழுவில் யாராவது ஆசாரக்காரர் எழுந்து, வேட்டி தைக்காத துணி, லோன்ஜியில் ஒரு தையல் இருக்கிறது, மடி கெடும் என்பார். தைக்காத துணிக்கு மதிப்பு கொடுப்பது நல்ல பழைய பழக்கம்தான். ஹஜ் போகிற ஆண்களும் தைக்காத இரண்டு துணியோடுதான் போகிறார்கள். சரி, வேட்டிக்கு மேலே நம்மவர் மாட்டிக்கொண்டு வரும் சட்டையில் எத்தனை தையல் என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள்.

உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். கத்தரிக்கோல் கண்டவன் முன்னேறினான் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. சான்று இடிக்கிறது. இதுவரை கிடைத்த மிகப் பழைய பேன்டுகள் சீனாவின் மேற்கே துர்ஃபான் பக்கத்துப் பாலைவனக் கல்லறைகளில் கிடைத்தவை. ஏறக்குறைய 3,000 ஆண்டுப் பழசு. குதிரைச் சவாரிக்காகத் தைத்த கம்பளிப் பேன்ட். அதில் துணியை வெட்டவே இல்லை. இரண்டு காலுக்கு இரண்டு துண்டு, நடுவில் அகலமாக ஒரு துண்டு, மூன்றையும் வேண்டிய வடிவத்திலேயே தறியில் நெய்து எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். பேன்டைப் பிறப்பித்தது குதிரை. கத்தரிக்கு அங்கே வேலையே இல்லை.

தறியில் நூல் நூலாகக் கோத்து ஒரு முழம் நெய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தவன் அதை வெட்டி மூலையில் வீசத் துணிய மாட்டான். ஜப்பான்காரர்களுக்குக் கத்தரிக்கோல் தெரியாதா என்ன? கிமோனோவுக்கு எடுப்பது சுமார் 12 மீட்டர் நீளமும் 36 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரே சுருள். நேர்க்கோட்டில் வெட்டி நேர்க்கோட்டிலேயே தைப்பார்கள், வளைவு கிடையாது, துண்டுத்துணி வீணாகாது. நன்றாகத் துவைக்க வேண்டுமென்றால் தையலை எல்லாம் பிரித்து, துண்டுகளை மறுபடி ஒன்று சேர்த்துச் சுருள் நீளத்துக்கே ஆக்கி அலசி, விறைப்பாகக் காயவைத்து, திரும்பத் தைப்பார்கள். ஆளின் அளவு உடையில் கிடையாது, கட்டுகிற கையில் இருக்கிறது. லோன்ஜியிலும் அதே கதைதான். ரங்கூன் ஸ்காட் மார்க்கெட்டில் துணி எடுத்தால் கடைக்காரர் மெஷினில் ஒரு தையல் ஓட்டி மூட்டித் தந்துவிடுவார். அப்பாவும் பிள்ளையும் ஒன்றையே மாற்றி மாற்றிக் கட்டலாம். உங்கள் மகன் பேன்டின் இடுப்பு போன தீபாவளிக்குச் சரியாக இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

பேன்டை நாகரிகத்தின் உச்சம் என்று எல்லாரும் எப்போதும் நினைக்கவும் இல்லை. ரோமாபுரியில் குடிமகனின் உடை டோகா, உடம்பைச் சுற்றிப் போடும் பெரிய துணி. கால்சட்டை காட்டுமிராண்டிகள் போடுவது. 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரோம் நகருக்குள் கால்சட்டை கூடாது என்று அரசச் சட்டமே போட்டார்கள். 410இல், காட்டுமிராண்டிகள் என்று அவர்கள் ஒதுக்கிய கோத்துகள் வந்து நகரைச் சூறையாடினார்கள். கால்சட்டையைத் தடுத்த சட்டம் போன இடம் தெரியவில்லை.

நமக்குப் பக்கத்திலேயும் ஓர் உதாரணம் உண்டு. 2014இல் சென்னையில் ஒரு கிளப் வாசலில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விடவில்லை. தமிழ்நாடு கொதித்தது. அந்த ஆண்டே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது, வேட்டியைத் தடுத்தால் சிறை வரைக்கும் போகலாம். நம் ஆட்களும் இங்கே டீக்கடையில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் பேசிக் கொதித்தார்கள். இப்போது அதே வாசல்காரர் வேலையை அம்மன் கோயிலில் நீங்கள் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். அதுவும் யாரிடம்? பச்சை லோன்ஜியில் பள்ளிக்கூடம் போய், லோன்ஜியிலேயே ஆபீஸ் போய், சம்பளத்தில் ஒரு பங்கைக் கோயில் நன்கொடைக்கு எழுதுகிற பையன்களிடம். தமிழ்நாட்டில் லுங்கி வீட்டுத் திண்ணைக்கும் தெருமுனைக்கும் உள்ள உடை. அந்த ஊர்க் கோயிலில் அதைக் கூடாது என்றால் அதற்கு அங்கே ஒரு பொருள் இருக்கலாம். இந்த நாட்டில் கல்யாண மாப்பிள்ளை கட்டுவதும் லோன்ஜி, மந்திரி கட்டுவதும் லோன்ஜி. அங்கே உள்ள பொருளை இங்கே இறக்குமதி செய்யாதீர்கள்.

வேட்டி வேண்டும் என்றால் வேட்டிக்கு வழி செய்யுங்கள். திருவிழாவுக்கு முன்னால் பையன்களைக் கூப்பிட்டுக் கட்டக் கற்றுக்கொடுங்கள். பாதிப் பேர் வேட்டி கட்டாததற்குக் காரணம் அவிழ்ந்துவிடும் என்ற பயம்தான், வெறுப்பு இல்லை.

நிர்வாகம் கண்டிக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு விஷயம் இருக்கிறது. லோன்ஜியை இரண்டு பக்கமும் பிடித்து விரித்து, நடுவுக்குக் கொண்டுவந்து ஒரு முறுக்கு முறுக்கிச் செருகுகிறார்களே, அந்த முன்முடிச்சு பஸ்ஸில் போகத் தாங்கும், தேர் இழுக்கத் தாங்காது. ஆளுக்கு ஆள் வடத்தை விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்தால் தேர் நிலைக்கு வராது. சின்லோன் என்கிற பிரம்புப் பந்தாட்டம் ஆடுகிற பர்மியப் பையன்கள் கீழ் விளிம்பைக் கால் நடுவே இழுத்துப் பின்னால் செருகிக்கொள்வார்கள், பார்த்திருப்பீர்கள். நம் ஊர் வயல்காட்டில் தார்ப்பாய்ச்சிக் கட்டுவதும் அதுதான். வேட்டியோ லோன்ஜியோ, வடம் பிடிக்கிறவர்கள் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள், அதை ஆதரித்து எழுதுகிறேன்.