பயணத்தைத் தடுக்கும் மாதங்கள்

அன்புள்ள ஐயா,

ஐரோப்பிய ஓவியர்கள் பனியையும் இலையுதிர்காலத்தையும் வரைந்ததுபோல நம் மரபு ஓவியர்கள் பருவங்களை வரையவில்லை என்று ஓர் உரையில் கேட்டேன். அரசர்களும் தெய்வங்களுமே நம் ஓவியங்களை நிறைத்திருப்பதைப் பார்க்கும்போது அது உண்மை என்றே தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

அந்தக் கூற்றை என்னால் ஏற்க முடியவில்லை. ராஜஸ்தானத்தின் பூந்தியிலும் இமயமலைச் சாரலின் காங்க்ராவிலும் வரையப்பட்ட பாரமாசா ஓவியங்களை, அதாவது ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்குத் தனித்தனியே தீட்டப்பட்ட வரிசைகளை, நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு மூலமாக அமைந்தவை, மத்திய இந்தியாவின் ஓர்ச்சா அரசவையில் இருந்த கவிஞர் கேசவதாஸ் 1601இல், வட இந்திய மொழியான பிரஜில் முடித்த 'கவிப்ரியா' என்னும் நூலின் பாடல்கள். பயணம் புறப்பட நினைக்கும் தலைவனிடம், இந்த மாதத்தில் போகாதே என்று தலைவி மாதந்தோறும் ஒரு காரணம் சொல்வதே அப்பாடல்களின் அமைப்பு. தலைவனின் பயணத்தைத் தடுத்து நிறுத்துவதை நம் அகத்திணை மரபில் செலவழுங்குவித்தல் என்று சொல்வோமே, ஏறத்தாழ அதுதான்.

ஆகவே இங்கே பருவம் வெறும் நிலக்காட்சியாக நின்றுவிடாமல் தலைவியின் வாதமாக ஆகிவிடுகிறது. கோடையின் உச்சமான ஜேட் மாதத்தில் ஐம்பூதங்களும் நெருப்பாகவே ஆகிவிட்டன, வழிகள் வெறிச்சோடிவிட்டன, குளங்கள் வறண்டுவிட்டன என்கிறாள் அவள். ஓவியரோ யானையையும் பாம்பையும் புலியையும் பகை மறந்து வெப்பத்தில் சோர்ந்து கிடப்பவையாக வரைகிறார். அடுத்து வரும் ஆஷாடத்தில் துறவிகள்கூட ஓரிடத்தில் தங்கிவிடுகிறார்கள், பறவைகளும் கூட்டை விட்டு அகல்வதில்லை, திருமாலும் திருமகளோடு துயில்கிறார் என்பது அவள் வாதம். அதனால்தான் பல ஓவியங்களில், மழைமேகத்துக்கும் மாடத்துக்கும் அருகே, பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாளையும் காண்கிறோம். தெய்வங்கள்தாம் நிறைந்திருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். இந்தப் படத்தில் அந்தத் தெய்வமே மழைக்காலத்தின் அடையாளமாக இருக்கிறது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது, ஆஷாடத்தை அடுத்து வரும் மழைமாதமான சாவன். ஆறுகள் கடலைச் சேர்கின்றன, கொடிகள் மரங்களைத் தழுவுகின்றன, மின்னல் மேகத்தோடு கூடுகிறது. எல்லாம் ஒன்றுசேரும் காலத்தில் நீ மட்டும் பிரிவதா என்று கேட்கும் பாடலை ஓவியர்கள் கருநீல மேகத்தின் குறுக்கே நெளியும் பொன்கோடாகவும், அந்த இருளின் முன் பறக்கும் வெண்கொக்குகளின் வரிசையாகவும் மாற்றினார்கள். மழைமேகத்தை இவ்வளவு ஆசையோடு தீட்டிய ஓவியமரபுகள் உலகில் அதிகம் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

குளிர்காலத்தை அவர்கள் காட்டிய விதம் முற்றிலும் வேறு. பூஸ் மாதத்துப் பாடல் எண்ணெய், பஞ்சு, தாம்பூலம், நெருப்பு, வெயில் ஆகியவையே செல்வருக்கும் ஏழைக்கும் இப்போது இனியவை என்கிறது. ஓவியத்திலும் எண்ணெய் தேய்த்துக்கொள்பவர்களும் கணப்பருகே அமர்ந்திருப்பவர்களும் வந்துவிடுகிறார்கள். மரத்தின் இலையில் பருவத்தைத் தேடும் கண் இதைத் தவறவிடக்கூடும்.

ஒரு வரிசையின் ஏடுகள் கிடைத்தால் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதே மாடம், அதே இருவர். முதலில் வானத்தையும், பிறகு கீழ்ப்பகுதியில் சிறிதாக வரையப்பட்ட மனிதர்களின் வேலைகளையும் பார்த்துவிட்டு, கடைசியாக அவனை நோக்கி நீண்டிருக்கும் அவளது கையைப் பாருங்கள்.