நவோதயாவுக்காகக் கடன் வாங்காதீர்கள்

அம்மா, வணக்கம். நெடுங்காடு பக்கத்துக் கிராமத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பையன் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். அவனுக்குக் காரைக்கால் நவோதயாவில், அதாவது மத்திய அரசின் உறைவிடப் பள்ளியில், எப்படியாவது இடம் வாங்கிவிட வேண்டும் என்று உங்கள் அண்ணன் நெருக்குகிறார். அவருடைய மகள் அங்கே படிப்பதால் அவர் சொல்வதுதான் வீட்டில் எடுபடுகிறது. அதன் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி தர, டவுனில் இருக்கும் மையம் 25,000 ரூபாய் கேட்கிறது. "இந்த வருஷத்தை விட்டா அவன் எதிர்காலமே போச்சு" என்று அவர் சொன்னதிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை. பெற்ற மனசு, கவலைப்படத்தான் செய்யும்.

சரி, ஆறுதல் இவ்வளவு போதும். அந்தக் கடனை வாங்காதீர்கள். தோட்டை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்களே, அதுவும் வேண்டாம்.

நவோதயா நல்ல பள்ளி, அதில் சந்தேகமே இல்லை. கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்காக 1986 கல்விக் கொள்கையை ஒட்டி வந்த பள்ளிகள் இவை. படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, சீருடை, புத்தகம் எல்லாம் அரசு செலவு. ஆறாம் வகுப்பில் ஒரு பள்ளிக்கு அதிகபட்சம் 80 இடம். தமிழ்நாட்டில் ஒரு நவோதயாகூடக் கிடையாது. அந்தந்த மாவட்டப் பிள்ளைகள் மட்டுமே விண்ணப்பிக்க முடியும் என்பதால் நாகப்பட்டினத்தில் இருக்கும் உங்கள் நாத்தனார் "எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே" என்று சொல்வதும் புரிகிறது. ஆனால் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்காகத் தொடங்கிய பள்ளிக்குள் போக, காசில்லாத வீடு கடன் வாங்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்?

தேர்வு எப்படி இருக்கும் என்று உங்கள் அண்ணனே சொல்லியிருக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தமிழிலேயே எழுதலாம். 2 மணி நேரம், 80 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 40 கேள்வி, 50 மதிப்பெண் மனத்திறனுக்கு. முழுக்கப் படங்கள்தான்: நான்கில் சேராத உருவம் எது, கண்ணாடியில் எப்படித் தெரியும், தாளை மடித்து ஓட்டை போட்டுப் பிரித்தால் ஓட்டைகள் எங்கெங்கே இருக்கும். மிச்சம் கணக்கில் 20 கேள்வி, மொழியில் 20 கேள்வி, தலா 25 மதிப்பெண். தப்பாக எழுதினால் மதிப்பெண் பிடிக்க மாட்டார்கள். பழைய வினாத்தாள்களைத் திரட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள். தாள் மடிக்கும் கேள்விக்குப் பழைய செய்தித்தாளும் கத்தரிக்கோலும் போதும். ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு அது விளையாட்டு.

பயிற்சிக்கு வசதியாக இருக்கும் என்று அவனை இப்போதே டவுன் பள்ளிக்கு மாற்றும் யோசனையும் ஓடுகிறது போல. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நவோதயாவில் குறைந்தது 75 சதவீத இடம் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. அந்தக் கணக்கில் வர வேண்டுமானால் மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மூன்று வகுப்பையும் முழுக்கக் கிராமப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் நகரப் பள்ளியில் படித்திருந்தாலும் நகரப் பிள்ளைதான். கையில் இருக்கும் சலுகையைக் காசு கொடுத்துத் தொலைப்பார்களா?

இனி பையனிடம் வருவோம். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "பரீட்சை எழுதுறேன், ஆனா ஹாஸ்டல்ல இருக்க மாட்டேன்னு சொல்றான். சின்னப் பையன்தானே, போனா பழகிடுவான்." அம்மா, முழுக் கடிதத்திலும் முக்கியமான விஷயம் அதுதான். நவோதயாவில் வீட்டிலிருந்து போய்வர முடியாது. ஆறாம் வகுப்பிலிருந்தே அங்கேயே தங்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் 30 சதவீதம் பிள்ளைகளை வேறு மொழி பேசும் மாநிலத்து நவோதயாவுக்கு ஒரு வருடம் அனுப்புவார்கள். துள்ளிக் குதித்துப் போகிற பிள்ளைகளும் உண்டு, ஏங்கிப் போகிறவர்களும் உண்டு. உங்கள் பையன் எந்த ரகம் என்று மாமாவுக்குத் தெரியாது. இதையெல்லாம் அவனிடம் விளக்கமாகச் சொல்லிக் கேளுங்கள். தேர்வை எழுதட்டும். இடம் கிடைத்த பிறகும் "மாட்டேன்" என்றால், அனுப்பாதீர்கள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் இன்னொரு பிள்ளை அந்த இடத்தில் படிக்கும்.

ஆறாம் வகுப்புத் தேர்வை வாழ்நாளில் ஒரு முறைதான் எழுத முடியும் என்று உங்கள் அண்ணன் சொன்னது உண்மை. எதிர்காலமே போச்சு என்பதுதான் பொய். தனியார் பள்ளி, நீட் பயிற்சி பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. அதைச் சொல்ல வாட்ஸ்அப்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாரும் வாயே திறக்காத ஒன்று இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்று ஒரு தேர்வு. தேசிய வருவாய்வழி மற்றும் திறன் உதவித்தொகை என்பார்கள். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கணவரின் கொத்தனார் கூலியையும் உங்கள் தையல் வருமானத்தையும் சேர்த்தாலும் நீங்கள் உள்ளேதான். தேறினால் வருடத்துக்கு 12,000 ரூபாய், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு வருடம். மொத்தம் 48,000. நேராகப் பையனின் வங்கிக் கணக்கில் விழும். நாடு முழுக்க வருடம் ஒரு லட்சம் பேருக்கு என்று ஒதுக்கி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் யூனியன் பிரதேசத்துக்கும் தனிப் பங்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே காரைக்கால் பையன் பீகார் பையனோடு போட்டி போட வேண்டியதில்லை.

தேர்வு இரண்டு தாள், ஒவ்வொன்றும் 90 கேள்வி, 90 நிமிடம். முதல் தாள் மனத்திறன். நவோதயாவுக்காக இப்போது போட்டுப் பழகுவது அங்கேயும் கைகொடுக்கும். இரண்டாவது தாள் ஏழு, எட்டாம் வகுப்பு அறிவியல், சமூக அறிவியல், கணக்கு. இரண்டு தாளிலும் சேர்த்து 40 சதவீதம் எடுக்காதவர்கள் பட்டியலிலேயே வர மாட்டார்கள். பட்டியல் சமூகத்தினருக்கும் பழங்குடியினருக்கும் அது 32. அப்புறம், பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பதினொன்றிலும் பணம் தொடரும், இந்த இரு பிரிவினருக்கும் 55.

தேர்வில் ஜெயித்துவிட்டுப் பணத்தைக் கோட்டைவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் அந்த வருடப் பணம் வராது. வங்கிக் கணக்கும் ஆதாரும் இணையாமல் நிற்பதும் உண்டு. அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு மாறினாலும் உதவித்தொகை நின்றுவிடும். இதற்கெல்லாம் பள்ளி ஆசிரியரை மட்டும் நம்பி இருக்காதீர்கள், நீங்களே கேட்டு விசாரியுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும்போது அவனே "நவோதயா போகிறேன்" என்றால், ஒன்பதாம் வகுப்பில் காலியாகும் இடங்களுக்குத் தனியாக ஒரு தேர்வு உண்டு. கணக்குக்கும் அறிவியலுக்கும் தலா 35 மதிப்பெண், ஆங்கிலத்துக்கும் இந்திக்கும் தலா 15. இடங்கள் கொஞ்சம்தான் இருக்கும், உறுதி சொல்ல முடியாது. ஆனால் பத்து வயதில் அழுதுகொண்டு போவதும் பதின்மூன்று வயதில் தானே கேட்டுப் போவதும் ஒன்றல்ல. நவோதயா மாணவருக்கு என்.எம்.எம்.எஸ். பணம் கிடையாது, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பையன்களிடம் மாதம் 600 ரூபாய் வாங்குவார்கள், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் பழங்குடியினருக்கும் விலக்கு உண்டு. உங்கள் ரேஷன் கார்டு எந்த வகை என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. பயிற்சி மையத்துக்கு "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். பையன் பெயரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால் திறந்து, ஆதாரை இணையுங்கள். அண்ணன் கோபித்துக்கொண்டால் நான்தான் சொன்னேன் என்று சொல்லுங்கள், அவரோடு நான் பேசிக்கொள்கிறேன்.